கணவாயின் இரு புறமும்: நாமே படைத்த ஆட்ட உலகத்தைக் கணினியில் ஒழுங்கு செய்யும் முறை

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை இரவுகளில் ஒரு ரோல்பிளேயிங் கேம் நடக்கிறது: ஒருவர் உலகத்தைச் சொல்லி நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதையாட்டம். நடத்துபவன் நான். ஆட்டக்காரர்கள் ஐவர். மூவர் தென்காசிப் பக்கத்தவர். இருவர் கணவாய்க்கு அப்பால் புனலூரிலிருந்து வருபவர்கள். ஆடும் உலகம் கடையில் வாங்கிய புத்தகத்திலிருந்து எடுத்ததன்று, நானே கட்டியது. ஒரு மலைத்தொடர், அதன் நடுவே ஒரு கணவாய், கிழக்கே வெயில் நாடு, மேற்கே மழை நாடு, கணவாயின் உச்சியில் ஒரு சுங்கச்சாவடி. ஊரை விட்டு அதிகத் தூரம் போகாத கற்பனை என்று நண்பர்கள் கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது.

ஒன்பதாவது அமர்வில் அந்தச் சாவடியின் எழுத்தருடைய பெயரைச் சொன்னேன். தென்காசிக்காரத் தம்பி உடனே குறுக்கிட்டான்: "அண்ணே, போன தடவ மாடன்னுதான சொன்னீய, இப்ப சங்கிலின்னு சொல்லுதீய?" புனலூர்க்காரர் அதற்கும் மேலே போனார்: "அல்ல சேட்டா, அதினு மும்பு கேளு எந்நாணு பறஞ்ஞது." இருவர் சொன்னதும் சரி. பள்ளிக்கூட நோட்டில் மாடன், எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியில் கேளு, கைப்பேசிக் குறிப்பில் சங்கிலி என்று ஒரே ஆளை மூன்று இடங்களில் மூன்று பெயரில் எழுதி வைத்திருந்தேன். அன்றிரவே எல்லாவற்றையும் ஒரு மென்பொருளுக்குள் கொண்டுவரத் தொடங்கினேன். அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றைப் புதிதாக உலகம் கட்டுவோருக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: ஒரு பொருளுக்கு ஒரே ஏடு, அதாவது ஒரே குறிப்புப் பக்கம். அதற்குப் பெயர்கள் எத்தனை இருந்தாலும், அதைப் பற்றி எத்தனை கதைகள் உலவினாலும், ஏடு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்களும் உண்டு. வேறு வேலைக்குச் செய்யப்பட்டு இதற்கு நன்றாகப் பொருந்திவிட்டவையும் உண்டு. காங்கா, வேர்ல்ட் அன்வில், லெஜண்ட்கீப்பர் ஆகியவை உலாவியில் இயங்குபவை. காங்காவில் பாத்திரம், இடம், குடும்பம், அமைப்பு, பொருள், நாட்காட்டி என்று அறைகள் முன்பே பிரிக்கப்பட்டிருக்கின்றன. எழுதும்போது @ குறியை இட்டுப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் அந்த ஏட்டுக்கு இணைப்பு உருவாகிவிடும். வேர்ல்ட் அன்வில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வார்ப்புருவைத் தந்து, கேள்வி கேட்டுக் கேட்டு எழுத வைக்கும். என்ன எழுதுவதென்று தெரியாமல் திகைப்பவருக்கு அது நல்ல துணை. ஏற்கெனவே அதிகமாக எழுதும் பழக்கம் உள்ளவருக்கு அது பொல்லாத துணை, ஏனெனில் ஓர் ஊரின் உணவு, உடை, கொடி, நாணயம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஆட்டத்தில் ஒருபோதும் எட்டிப் பார்க்காத ஊருக்கு நான்கு பக்கம் எழுதி முடித்த பிறகுதான் விடிந்துவிட்டது தெரியும்.

அப்சிடியன் ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டதன்று. நம் கணினியின் ஒரு கோப்புறையில் எளிய உரைக்கோப்புகளை வைத்து, இரட்டைச் சதுர அடைப்புக்குறிகளால் ஒன்றோடொன்று இணைக்கும் குறிப்பேடு அது. ஃபவுண்ட்ரி, ரோல்20 ஆகியவை மெய்நிகர் மேசைகள். வரைபடத்தின் மேல் பாத்திரங்களைக் குறிக்கும் வில்லைகளை நகர்த்திப் பகடை உருட்டுவதே அவற்றின் முதன்மையான வேலை. குறிப்புகள் வைக்கவும் அவற்றில் இடம் உண்டு. ஃபவுண்ட்ரியை ஆட்டம் நடத்துபவர் ஒருவர் ஒருமுறை வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவி வழியாக வந்து சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அதை வீட்டுக் கணினியிலிருந்து இயக்கும்போது, வெளியூர் ஆட்டக்காரர் வந்து சேர நம் இணைய இணைப்புக்கு வெளியிலிருந்து அடையக்கூடிய முகவரி இருக்க வேண்டும். நம்மூர் இணைப்புகள் பலவற்றில் ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், தனியே ஏற்பாடு செய்யாமல் அது நடக்காது.

எதைத் தேர்ந்தாலும், எழுதியவை எங்கே இருக்கின்றன, இணையம் இல்லாதபோது திறக்குமா, ஆட்டக்காரர்களுக்கு ஒரு பகுதியை மட்டும் காட்ட முடியுமா, நாளை வேறொன்றுக்கு மாறினால் எழுதியதை எடுத்துச் செல்ல முடியுமா என்பவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாரல் காலத்தில் இங்கே மின்சாரமும் இணையமும் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை; ஆகவே நான் அப்சிடியனில் நின்றுவிட்டேன். நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு தாங்களும் எழுத விரும்பும் குழுவானால், காங்காவைச் சொல்வேன்.

எங்கிருந்து தொடங்குவது

இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அதற்கு முன்பே அதைப் படைத்த இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன், பிளாக்மூர் என்ற தம்முடைய உலகத்தில் நண்பர்களை ஆட வைத்துக்கொண்டிருந்தார். அந்த உலகத்தின் மையம் ஒரு கோட்டை, அதையொட்டிய ஓர் ஊர், கோட்டைக்கு அடியில் சில நிலவறைகள். கண்டங்களும் வம்சாவளிகளும் தொடக்கத்தில் தேவைப்படவில்லை. மென்பொருளைத் திறந்ததும் உலக வரைபடத்திலிருந்து தொடங்கத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. அடுத்த அமர்வில் ஆட்டக்காரர்களின் கால் படக்கூடிய இடங்களுக்கும், அவர்களோடு பேசக்கூடிய ஆட்களுக்கும் மட்டும் ஏடு திறந்தால் போதும். எனக்கு முதல் நாளில் பதினொரு ஏடுகள் போதுமானவையாக இருந்தன: ஒரு சாவடி, இரண்டு ஊர், ஒரு சத்திரம், ஆறு மனிதர், ஒரு பாலம்.

கோப்புறைகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆட்கள், இடங்கள், குழுக்கள், நிகழ்ச்சிகள், அமர்வுகள் என்ற ஐந்துக்கு மேல் எனக்குத் தொடக்கத்தில் தேவைப்படவில்லை. சாவடி எழுத்தர் கிழக்கு நாட்டுக் கோப்புறையில் இருக்க வேண்டுமா, அரசு ஊழியர் கோப்புறையிலா, கடத்தல்காரர் கோப்புறையிலா என்று அரை மணி நேரம் யோசித்தவன் நான். அவர் மூன்றும்தான். ஒரு கோப்பு ஒரு கோப்புறைக்குள்தான் இருக்க முடியும். ஆனால் அதிலிருந்து எத்தனை இணைப்புகள் வேண்டுமானாலும் கிளம்பலாம். எனவே அவரை ஆட்கள் கோப்புறையில் போட்டு, மற்ற உறவுகளை இணைப்புகளாக எழுதிவிடுவதே சிக்கலில்லாத வழி.

ஓர் ஏடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் சாவடி ஏட்டையே தருகிறேன்.

கணவாய்ச் சாவடி
வேறு பெயர்கள்: மேட்டுச்சாவடி, சுரவாசல்
நிலை: இயங்குகிறது
முதலில் வந்தது: அமர்வு 1
கண்ணில் படுவது: மூங்கில் தடுப்பு, நனைந்த சாக்கு மூட்டைகள், ஏலக்காய் வாசனை, ஒரு காலை மட்டும் தூக்கி நிற்கும் கழுதை.
இங்கே இருப்பவர்: [[மாடன்]], இரண்டு காவலர்
இங்கே வேண்டியது: வண்டிக்கு ஒரு பணம், அல்லது ஒரு பொய்.
தொடர்பு: [[உடைந்த பாலம்]], [[வெண்குளம்]]

மேசையில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஏட்டைப் படிக்க எனக்குக் கிடைப்பது ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியில் வாயிலிருந்து வரக்கூடிய சொற்களே மேலே இருக்க வேண்டும். சாவடியைக் கட்டிய மன்னன் யார், எந்த ஆண்டில் கட்டினான் என்பன இருந்தால் அடியில் இருக்கட்டும். "இங்கே வேண்டியது" என்ற வரியை எல்லா இடங்களுக்கும் எழுதுகிறேன். ஆட்களுக்கு அதே இடத்தில் "இவருக்கு வேண்டியது" என்று எழுதுவேன். அந்த ஒரு வரி இருந்துவிட்டால், ஆட்டக்காரர் எதிர்பாராத கேள்வி கேட்கும்போது அந்த ஆள் என்ன பதில் சொல்வார் என்று கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது.

பெயர்கள்

எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருப்பது புதிதன்று. என் உலகத்தில் கிழக்கத்தியார் மேட்டுச்சாவடி என்று சொல்வதை மேற்கத்தியார் சுரவாசல் என்பார்கள். (மலையாளத்தில் சுரம் என்றால் மலைக்கணவாய், நம் பழைய பாடல்களில் அதே சொல் நீரற்ற பாலைவழியைக் குறிக்கும். ஒரே சொல் மலையின் ஒரு பக்கம் நனைந்தும் மறுபக்கம் காய்ந்தும் கிடப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.) இரண்டு பெயருக்கும் இரண்டு ஏடு திறந்தால், ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு இடங்களாகவே ஆகிவிடும். அப்சிடியனில் ஏட்டின் தலைப்பகுதியில் மாற்றுப்பெயர் (aliases) என்ற பண்பில் எல்லாப் பெயர்களையும் எழுதிவிட்டால், இணைப்புக்காக அடைப்புக்குறி இட்டு எந்தப் பெயரைத் தட்டினாலும் அதே ஏட்டைக் காட்டும். உரையிலும் தட்டிய பெயரே நிற்கும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் ஏட்டின் முதல் வரியிலேயே எல்லாப் பெயர்களையும் எழுதி வைத்தால் தேடலாவது கண்டுபிடித்துக் கொடுக்கும்.

தமிழில் குறிப்பெழுதுவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. இந்த மென்பொருள்கள் பெயர்ச்சொல் மாறாது என்று நம்பிச் செய்யப்பட்டவை. நம் பெயர்களோ வேற்றுமை உருபு வந்ததும் உருமாறும். சாவடி என்று முடியும் பெயரில் தொல்லையில்லை. அடைப்புக்குறியை மூடிவிட்டு [[கணவாய்ச் சாவடி]]யில் என்று உருபை வெளியே ஒட்டிவிடலாம். வெண்குளம் என்ற ஊர் அப்படியன்று. அது வெண்குளத்தில், வெண்குளத்துக்கு என்று ஆகும்போது மகரமெய் மறைந்துவிடுவதால், [[வெண்குளம்|வெண்குளத்தில்]] என்று செங்குத்துக் கோடிட்டு, உண்மைப் பெயரை முன்னும் காட்ட வேண்டிய வடிவத்தைப் பின்னும் எழுத வேண்டும். மாடனுக்கு, மாடனோடு என்பவற்றுக்கும் இதுவே வழி. தட்டச்சு கூடுகிறது என்பது உண்மைதான். ஒவ்வொரு பத்தியிலும் முதல் முறை மட்டும் இணைத்துவிட்டு, அடுத்த முறை "அவ்வூர்", "எழுத்தர்" என்று கடந்துவிடுகிறேன்.

தேடலுக்கு ஒரு சிறு தந்திரம் உண்டு. வெண்குளம் என்று முழுப்பெயரைத் தேடினால், வெண்குளத்தில் என்று எழுதிய இடங்கள் அகப்படா. "வெண்குள" என்று மட்டும் தட்ட வேண்டும். அதேபோல் மாடனைத் தேடும்போது புள்ளியை விட்டுவிட்டு "மாடன" என்று தட்டினால், மாடன், மாடனுக்கு, மாடனை ஆகிய எல்லாம் வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் மெய்யெழுத்து என்பது அகரமேறிய எழுத்தோடு புள்ளியைச் சேர்த்துச் சேமிக்கப்படுவதே இதற்குக் காரணம். மற்றொரு எச்சரிக்கையும் தேவை: "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் ஆகிய இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தேடல் மட்டும் சில இடங்களில் தோற்றுப்போகும். கைப்பேசியில் ஒரு விசைப்பலகையும் கணினியில் வேறொன்றும் வைத்திருப்பவர்கள் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்யாமல் முதல் ஏட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

பெயரை மாற்றத் தோன்றினால் மென்பொருளுக்குள்ளேயே மாற்ற வேண்டும். அப்சிடியனுக்குள் ஏட்டின் பெயரை மாற்றும்போது, அதைச் சுட்டும் இணைப்புகளையும் அது திருத்திவிடும். வெளியே கோப்புறையைத் திறந்து கோப்பின் பெயரை மாற்றினால் இணைப்புகள் அறுந்துபோகும்.

நடந்தது ஒன்று, சொல்லப்படுவது வேறு

உடைந்த பாலத்தின் ஏட்டில் நான்கு பகுதிகள் வைத்திருக்கிறேன். நடந்தது: சுண்ணாம்புக்கு ஒதுக்கிய பணத்தைச் சாவடி எழுத்தர் தின்றுவிட்டதால் காரை பிடிக்கவில்லை. கிழக்கே சொல்வது: மேற்கு நாட்டார் இரவோடு இரவாகத் தூணை வெட்டினார்கள். மேற்கே சொல்வது: கிழக்கத்தியார் மலைத்தெய்வத்துக்குப் பலி கொடுக்காமல் கட்டினார்கள், ஆகவே வெள்ளம் கொண்டுபோனது. ஆட்டக்காரர் அறிந்தது: அமர்வு 4இல் கிழக்குக் கதை, அமர்வு 7இல் காரையை விரலால் சுரண்டிப் பார்த்தார்கள், உதிர்ந்தது.

இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் நடத்துபவரே தம்முடைய வதந்தியை நம்பத் தொடங்கிவிடுவார். எனக்கு அது நேர்ந்திருக்கிறது. நான்காவது பகுதியில் அமர்வு எண்ணையும் சேர்த்து எழுதுவது முக்கியம், ஏனெனில் "இது எங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்கும் ஆட்டக்காரர் ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார்.

மறைக்க வேண்டியதை மறைக்க ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழி தருகிறது. ஃபவுண்ட்ரியில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனியே உரிமை கொடுக்கலாம்: ஒன்றும் தெரியாது, ஓரளவு தெரியும், முழுதும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம் என்று நான்கு படிகள். குறிப்புக்குள் ஒரு பத்தியை மட்டும் இரகசியம் என்று குறிக்கவும் முடியும். காங்காவில் ஏடுகளைத் தனிப்பட்டவையாக ஆக்கலாம். ஆட்டக்காரர்களுக்கு என்று ஒரு பங்கை (role) வகுத்து, அந்தப் பங்குக்கு எவை தெரியும் என்று வரையறுக்கலாம். அப்சிடியனில் இப்படிப்பட்ட பூட்டு எதுவும் இல்லை. கோப்பைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடுத்ததாகவே பொருள். எனவே ஆட்டக்காரருக்கென்று தனிக் கோப்புறை வைத்து, நான்காவது பகுதியை மட்டும் அங்கே நகலெடுக்கிறேன். ஒரே ஏடு என்ற விதியை நான் மீறும் இடம் இது ஒன்றே. திருத்தங்களை எப்போதும் என் ஏட்டிலிருந்து அவர்களுடைய ஏட்டுக்கு மட்டுமே கொண்டுபோகிறேன், திரும்பிய திசையில் ஒருபோதும் இல்லை.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தலைப்பில் இரகசியத்தை எழுதக் கூடாது. ஒருமுறை வரைபடத்தைக் காட்டுவதற்காக மடிக்கணினியை மேசைப் பக்கம் திருப்பினேன். வரைபடம் அழகாகத்தான் இருந்தது. இடப்பக்கப் பட்டியலில் "மாடன் - பணம் தின்றவர்" என்ற கோப்புப் பெயரும் அழகாகத் தெரிந்தது. ஐந்து பேரும் நாகரிகமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த அமர்வில் நேராகப் போய் எழுத்தரின் பெட்டியைத்தான் திறந்தார்கள்.

காலம்

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே பிரானூர் பார்டர் என்ற இடம் இருக்கிறது. இப்போது அங்கே எந்த மாநில எல்லையும் இல்லை. எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்படும் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, அப்போதைய எல்லை அங்கே இருந்தது. எல்லை நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. உலகம் கட்டுபவருக்கு இது பெரிய பாடம். ஓர் ஏட்டில் "எல்லை இங்கே" என்று மட்டும் எழுதினால், பிறகு மாறும்போது பழையதை அழிக்க நேரிடும். "இந்த நாள் வரை இங்கே, அதன் பின் அங்கே" என்று நாளோடு எழுதினால், பழைய எல்லையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் சத்திரமும், அந்தப் பெயருக்குக் காரணம் தெரியாத கிழவரும் தாமாகவே கிடைப்பார்கள்.

நாட்காட்டி வசதி காங்காவிலும் வேர்ல்ட் அன்விலிலும் உள்ளேயே இருக்கிறது. அப்சிடியனில் செருகுநிரலாகச் சேர்க்கலாம். மாதங்களின் பெயர், நாட்களின் எண்ணிக்கை, வாரநாட்கள், நிலவுகள் எனக் கேட்டதைக் கொடுத்தால் நாட்காட்டி உருவாகும். என் உலகத்தில் இரண்டு நாடுகளுக்கு இரண்டு நாட்காட்டி வேண்டியிருந்தது. அதற்கும் வெளியே தேட வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கேரளத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு எழுதியிருக்கும். அது கி.பி. 825இல் தொடங்கியது, புத்தாண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கும். தமிழ் ஆண்டோ சித்திரையில் பிறக்கும். சூரியன் ஒன்றுதான், மாதமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கணவாய்க்கு மேற்கே போனால் மாதத்தின் பெயரும் ஆண்டின் எண்ணும் மாறிவிடும். கொல்லம் 1200 பிறந்தது 2024 ஆகஸ்டில். ஆகவே சிங்கம் முதல் டிசம்பர் வரை 824ஐயும் ஜனவரி முதல் கர்க்கடகம் (நம் ஆடி) வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்.

இப்படி இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். வரும். அதைத் தவிர்க்க, முதல் அமர்வின் முதல் நாளை 1 என்று வைத்து, எல்லா ஏட்டிலும் அந்த நாள் எண்ணை மட்டுமே எழுதுகிறேன். பாலம் இடிந்தது நாள் -412. சாவடியில் சண்டை நாள் 37. கிழக்கு மாதமும் மேற்கு மாதமும் பாத்திரங்கள் பேசும்போது மட்டும் வரும். அவற்றை நாட்காட்டி கணக்கிட்டுத் தரும். கடன் பத்திரத்தில் "ஆண்டுப் பிறப்புக்குள் திருப்பித் தருவேன்" என்று ஒருவன் எழுதி, எந்த நாட்டு ஆண்டுப் பிறப்பு என்று எழுதாமல் விட்டதே எங்கள் ஆட்டத்தில் மூன்று அமர்வுகளுக்குக் கதையாக ஓடியது.

வரைபடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஸ்கார் உருவாக்கிய கற்பனை வரைபட மென்பொருள் உலாவியில் இலவசமாகக் கண்டம் முழுவதையும் போட்டுத்தரும். இன்கார்னேட், ஒண்டர்டிராஃப்ட் போன்றவை அழகாக வரைய உதவும். ஆனால் தூரத்தைக் காதத்தில் எழுதாமல் நேரத்தில் எழுத வேண்டும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு இரயில் பாதையில் ஏறத்தாழ 50 கி.மீ. சமவெளியில் அந்தத் தூரம் ஒன்றுமில்லை. இங்கே குகையும் வளைவும் பதிமூன்று கண் பாலமும் கடந்து போக வேண்டியிருப்பதால் அது வேறு பயணம். வரைபடத்தின் ஒவ்வொரு வழியிலும் "நடந்தால் ஒன்றரை நாள், மழையில் மூன்று நாள்" என்று எழுதிவிட்டால் மேசையில் அளவுகோல் தேட வேண்டியதில்லை.

அமர்வுக்கு முன்னும் பின்னும்

மென்பொருள் எதுவானாலும் உலகத்தை ஒழுங்காக வைத்திருப்பது இந்தப் பழக்கம்தான். "அடுத்த அமர்வு" என்ற ஓர் ஏட்டை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முந்தைய நாள் அதைத் துடைத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள், நேற்று இரவு உலகத்தில் அவர்களுக்குத் தெரியாமல் என்ன நடந்தது, அவர்கள் போகக்கூடிய மூன்று இடங்கள் எவை என்று இணைப்புகளோடு எழுதுவேன். அதன் கீழே யாருக்கும் வைக்காத பெயர்கள் இருபது இருக்கும்: பத்து கிழக்கு, பத்து மேற்கு. ஆட்டக்காரர்கள் எதிர்பாராத கடைக்குள் நுழைந்து கடைக்காரரின் பெயரைக் கேட்கும்போது, பட்டியலில் முதலில் இருப்பதைச் சொல்லி, அதன் பக்கத்திலேயே "வெண்குளம், எண்ணெய்க் கடை" என்று இரண்டு சொல் தட்டிவிட வேண்டும். மூன்று பெயர் எழுத்தர் பிறந்தது இந்தப் பட்டியல் இல்லாத காலத்தில்தான்.

ஆட்டம் முடிந்த இரவே, எல்லாரும் புறப்பட்டுப் போனதும், இருபது நிமிடம் உட்கார வேண்டும். தூக்கம் வரும், உட்காரத்தான் வேண்டும். மறுநாள் காலைக்குள் பாதி மறந்துபோகும். அமர்வு ஏட்டில் நாள் எண்ணும் நடந்தவையும் பத்து வரிக்குள் போதும், அலங்காரம் வேண்டாம். பட்டியலில் பக்கத்தில் குறித்த ஒவ்வொரு பெயருக்கும் ஏடு திறக்கிறேன், மூன்று வரி போதும். பிறகு மாறியவற்றை அந்தந்த ஏட்டிலேயே மாற்றுகிறேன்: இறந்தவர் நிலையை "இறந்தார், நாள் 52" என்று திருத்துவது, எரிந்த சத்திரத்தை எரிந்தது என்று குறிப்பது. அமர்வு ஏட்டில் மட்டும் எழுதிவிட்டுச் சத்திரத்தின் ஏட்டைத் தொடாமல் விட்டால், எரிந்த சத்திரத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஒருநாள் சோறு போட்டுவிடுவீர்கள். கடைசியாக, முடியாமல் தொங்கும் விஷயங்களை "நிலை: தொங்குகிறது" என்ற பண்போடு குறிக்கிறேன். அந்தப் பண்பைத் தேடினால் மொத்தமும் ஒரே பட்டியலாக வந்துவிடும். அடுத்த அமர்வுக்கு என்ன செய்வது என்று திகைக்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் அதைவிடப் பயனுள்ள பட்டியல் இல்லை.

விதிகளை ஏடுகளுக்குள் நகலெடுப்பது பற்றி ஒரு சொல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு, எஸ்.ஆர்.டி. 5.1 எனப்படுவது, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. உரியவர் பெயரைக் குறிப்பிட்டு அதிலுள்ளவற்றை எடுத்தாளலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். மற்ற விதிநூல்களின் பகுதிகளை உங்கள் தனி ஏட்டில் குறித்துக்கொண்டு அதன் பக்க எண்ணை எழுதி வைப்பதோடு நின்றுகொள்ளுங்கள். எல்லாரும் பார்க்கும் இணையப் பக்கத்தில் போட வேண்டாம்.

காப்புப்பிரதி எடுப்பதை நான் ஐந்தருவியில் கைப்பேசியை நனைத்த பிறகுதான் தொடங்கினேன். அப்சிடியனில் கோப்புறையை அப்படியே வேறொரு வட்டுக்கு நகலெடுத்தால் போதும். காங்காவில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. ஃபவுண்ட்ரியில் உலகத்தின் கோப்புறையை நகலெடுக்கலாம். ஆனால் உலகம் திறந்திருக்கும்போது நகலெடுக்கக் கூடாது, தரவு பாதியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

பத்து அமர்வுக்கு ஒருமுறை, யாரும் தொடாத ஏடுகளைப் "பரண்" என்ற கோப்புறைக்கு நகர்த்துகிறேன். அழிப்பதில்லை, இணைப்புகளும் அறுவதில்லை. கோப்புப் பட்டியலில் கண்ணை மறைக்காமல் அவை மேலே கிடக்கும். முதல் மாதத்தில் ஆசையாக எழுதிய உப்பு வணிகர் சங்கம் அப்படித்தான் இரண்டு ஆண்டு பரணில் கிடந்தது. போன மாதம் புனலூர்க்காரர், மழை நாட்டில் எல்லாம் விளைகிறதே, உப்பு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அன்றிரவு அந்த ஏட்டைக் கீழே இறக்கி, மேற்கே அதற்கு வேறு பெயர் என்ன என்று எழுதத் தொடங்கினேன்.